முற்கூட்டியே கையொப்பமிட்ட பத்துக் காசோலைகள்

கேள்வி: நான் மல்லாவிப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. வெளிநாட்டிலுள்ள எங்கள் ஊர்ப்பிள்ளைகள் அனுப்பும் காசில் முன்பள்ளியும் மாலை வகுப்பும் நடத்தும் ஓர் அறக்கட்டளையில் மூன்று வருடமாக அறங்காவலராக இருக்கிறேன். மொத்தம் ஏழு பேர். கூட்டம் கூடுவது அருமை. அவசரத்துக்கு உதவும் என்று தலைவர் பத்துக் காசோலைகளில் என்னிடம் முற்கூட்டியே கையொப்பம் வாங்கி வைத்திருக்கிறார். கூரை வேலைக்கான சாமான் அவருடைய தம்பியின் கடையில் வாங்கப்பட்டது. இப்போது காசு அனுப்பியவர்கள் கணக்குக் கேட்கிறார்கள். நான் ஒரு சதமும் தொடவில்லை. எனக்கும் பொறுப்பு வருமா? விலகினால் சரியா? அயலூர்களிலும் இப்படி மூன்று அமைப்புகள் உள்ளன. அவர்களோடு கூடியிருந்து இந்த வேலையைப் பழகலாமா, அல்லது கணக்கை வெளியாருக்குக் காட்டுவது பிழையா?

பதில்: ரீச்சர், முதலில் அந்தக் காசோலைகளைக் கவனியுங்கள். மிச்சமிருப்பவற்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ‘இரத்து’ என்று எழுதி, அடிக்கட்டையில் திகதி போடுங்கள். தர மறுத்தால் இலக்கங்களைக் குறிப்பிட்டு, பணம் கொடுக்க வேண்டாம் என்று வங்கி முகாமையாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வையுங்கள். நாளைக்கே செய்யுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையின் 1917ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின்படி, சக அறங்காவலர் செய்த பிழைக்கு நீங்கள் தானாகவே பொறுப்பாளி ஆகமாட்டீர்கள். ஆனால் காசை அவர் கையில் விட்டுவிட்டு அது எங்கே போனது என்று விசாரிக்காமல் இருந்தாலோ, பிழை தெரிந்த பின்னும் நியாயமான காலத்துக்குள் ஒன்றும் செய்யாமல் விட்டாலோ பொறுப்பு உங்களையும் சேரும். உங்கள் கவனயீனம் அவருக்கு வழி திறந்துவிட்டது என்று நீதிமன்றம் கண்டால், முழு நட்டத்தையும் உங்களிடமே அறவிடலாம். வெறும் காசோலையில் வைத்த கையொப்பம் அப்படியொரு வழிதான். ‘நான் தொடவில்லை’ என்பது உண்மையாகவே இருந்தாலும் உங்களைக் காப்பாற்றாது.

விலகல் கடிதம் மட்டும் கொடுத்தால் போதாது. பொறுப்பை ஏற்ற ஒருவர், உறுதியில், அதாவது அறக்கட்டளையை உருவாக்கிய பத்திரத்தில், அதற்கு இடமிருந்தால் அதன்படி விலகலாம். இல்லையென்றால் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும். விலகினாலும் நடந்து முடிந்ததற்கான பொறுப்புக் கழராது. இருந்து திருத்துங்கள் என்பதே என் விருப்பம். உங்களைப் போல் கேள்வி கேட்கிறவர் போய்விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்?

கூடிப் பழகுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வன்னிக்கு இது மிகவும் தேவை என்று நினைக்கிறேன். மீள்குடியேறிய காலத்தில் கட்டடம் எழுப்ப உதவி வந்த அளவுக்கு, கணக்கு வைக்கப் பழக்க ஆள் வரவில்லை. மாங்குளம் பக்கம் ஒரு வாசிகசாலையில் நாலு சங்கப் பொறுப்பாளர்கள் கொப்பிகளை விரித்து வைத்துக்கொண்டு இருந்ததை ஒருமுறை பார்த்தேன். ஒரு பெண் பொருளாளர் சீமெந்துக்குத் தனிப்பக்கம் ஒதுக்கி, வந்த பை, பாவித்த பை, கையிருப்பு என மூன்று நிரல் போட்டு, ஒவ்வொரு வரியிலும் மேசனின் கையொப்பம் வாங்கியிருந்தார். பக்கத்திலிருந்த வயதான கமக்காரர் தன் கொப்பியைப் பார்த்தார். அதில் ‘சீமெந்து’ என்றும் ஒரு தொகையும் மட்டுமே இருந்தன. அடிமட்டம் கேட்டு வாங்கி அங்கேயே கோடு கீறத் தொடங்கிவிட்டார். நான் ஒரு மணித்தியாலம் சட்டம் பேசியிருந்தாலும் அது நடந்திராது.

இரண்டு எல்லைகள் உண்டு. பிள்ளைகளின் பெயர், குடும்ப நிலை, வங்கி இலக்கம் எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். அந்தப் பக்கங்களை மூடிவிட்டு மற்றதைக் காட்டலாம். தீர்மானம் உங்கள் ஏழு பேருடையதாகவே இருக்க வேண்டும். ‘அயலூர்ப் பொருளாளர் அப்படித்தான் சொன்னார்’ என்பது மறுமொழி ஆகாது.

முதல் நாள் அவரவர் உறுதியை உரத்து வாசியுங்கள். பல அறங்காவலர்கள் அதைக் கண்ணாலும் கண்டதில்லை. இடப்பெயர்வில் உறுதி தொலைந்த அமைப்பு இருந்தால் பயப்படத் தேவையில்லை. அறக்கட்டளை உண்மையில் இருக்கிறது என்று சூழ்நிலைகளிலிருந்து கண்டால், முறையான ஆவணம் இல்லாவிட்டாலும் நீதிமன்றம் தலையிட நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு இடம் தருகிறது. கட்டடம் பேமிற் காணியில், அதாவது அரச அனுமதிப்பத்திரக் காணியில், நிற்கிறதா என்றும் பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணியை உரியவர் வாய்ப்பேச்சில் அறக்கட்டளைக்குத் தந்திருந்தால் அது செல்லாது. பிரதேச செயலகத்துக்குத்தான் போகவேண்டும்.

தம்பியின் கடையில் வாங்கியது என்பதாலேயே களவு ஆகிவிடாது. வேறு இரண்டு கடைகளின் விலைப்பட்டியல் எடுத்தார்களா, தலைவர் தன் உறவைச் சொல்லி முடிவிலிருந்து விலகினாரா, அது கூட்டக் குறிப்பில் இருக்கிறதா? இந்த மூன்றையும் அடுத்த கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள்.

கணக்கு வராவிட்டால் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் 101ஆம் பிரிவின்படி சட்டமா அதிபரோ, அறக்கட்டளையில் நலனுள்ள ஐந்து பேரோ, சொத்து இருக்கும் எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். அயலூர் அமைப்புகளில் ஏதாவது கோயிலுடையது என்றால் அதற்கு 102ஆம் பிரிவு. வழக்குக்கு முன் அரசாங்க அதிபருக்கு மனுக் கொடுக்க வேண்டும். உங்கள் விடயம் அவ்வளவு தூரம் போகாது என்று நம்புகிறேன். உறுதியில் விலகல் பற்றியும் காசோலையில் ஒப்பமிடுவோர் பற்றியும் உள்ள வரிகளை அப்படியே பிரதி பண்ணி எனக்கு அனுப்புங்கள்.