"எவ்வளவு ஆகும்?"னு பட்டாளத்துல யாரும் கேட்டதில்ல தம்பி

கேள்வி: வணக்கம் சார். நான் ஆர்மில இஎம்இ கோர் (ராணுவ வண்டி, மெஷின் ரிப்பேர் பாக்கற பிரிவு), வெஹிக்கிள் மெக்கானிக், ஹவில்தார். சொந்த ஊர் வேலூர் பக்கம். அடுத்த வருஷம் 24 வருஷ சர்வீஸ் முடிச்சு வீட்டுக்கு வர்றேன், வயசு 43. சொந்தக்காரங்க எல்லாம் பேங்க் செக்யூரிட்டி வேலைக்குப் போயிடு, பென்ஷனும் வரும் நிம்மதியா இருக்கலாம்ங்கறாங்க. எனக்கு ஜேசிபி, ஜெனரேட்டர் ரிப்பேர் ஒர்க்‌ஷாப் சொந்தமா போடணும்னு ஆசை. மச்சான் ஒருத்தர் செட்டில்மென்ட் பணத்துல 15 லட்சம் போடு, சேர்ந்து டிப்பர் லாரி ஓட்டலாம்னு கூப்பிடுறார். மனைவி, "இத்தன வருஷம் நீங்க இல்லாமலே குடும்பத்த ஓட்டிட்டேன், இப்ப வந்து பணத்தத் தொலைச்சிடாதீங்க"ன்னு சொல்றா. பொண்ணு பிளஸ் ஒன். நீங்களும் இஎம்இலேர்ந்து வந்து தொழில் பண்ணவர்னு இந்தப் பகுதியில படிச்சேன். வழி சொல்லுங்க சார்.
(பேர் வெளியிட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

பதில்:

தம்பி, முதல்ல உங்க சம்சாரம் சொன்னதுக்கு வர்றேன். வருஷத்துல ரெண்டு மாசம் லீவுக்கு வந்துட்டுப் போயிருப்பீங்க, மீதி பத்து மாசமும் ஸ்கூல் ஃபீஸு, ஆஸ்பத்திரி, மாமனார் மாமியார், ஒழுகுற கூரை எல்லாத்தையும் அவங்க ஒருத்தங்களே பாத்திருக்காங்க, அதனால உங்க வீட்டுல கையில பணத்த வச்சு கணக்குப் போடத் தெரிஞ்ச ஆள் அவங்கதான். நீங்க என்ன முடிவு எடுத்தாலும் கணக்கு நோட்டு அவங்க கையில இருக்கட்டும், இத நான் சும்மா மரியாதைக்குச் சொல்லல, என் வீட்டுல அப்படிச் செஞ்ச பிறகுதான் நான் கரை சேர்ந்தேன்.

அடுத்து அந்த லாரி. வேண்டாம். நான் 2001ல நாயக் ரேங்க்ல வெளிய வந்தேன், 17 வருஷ சர்வீஸ். வந்த மூணாவது மாசமே தெரிஞ்சவர் ஒருத்தர நம்பி 3 லட்சம் குடுத்தேன், அதுவும் லாரிதான். வாய்ப்பேச்சு, ஒரு பேப்பர் கிடையாது, ஒரு வருஷத்துல வண்டியும் இல்ல பணமும் இல்ல, திரும்பக் கேட்டதுல பழக்கமும் போச்சு. அது பென்ஷன கம்யூட் பண்ணி வந்த பணம். உங்களுக்கே தெரியும், பென்ஷன்ல பாதி வரைக்கும் முன்னாடியே மொத்தமா வாங்கிக்கலாம், ஆனா 15 வருஷம் கழிச்சுதான் முழு பென்ஷன் திரும்ப வரும். அந்த 15 வருஷமும் மாசாமாசம் குறைஞ்ச பென்ஷன் பேங்க்ல விழும்போதெல்லாம் எனக்கு அந்த லாரி நம்பர் பிளேட்டு கண்ணு முன்னாடி வரும். மச்சான் நல்லவராவே இருக்கட்டும் தம்பி, உங்களுக்கு டிப்பர் தொழில்ல மணல் எங்க, லோடு யாரு, டிரைவர் எப்பிடின்னு ஒண்ணும் தெரியாது, உங்களுக்குத் தெரிஞ்சது அந்த லாரியோட இன்ஜின் மட்டும்தான்.

அந்த இன்ஜின்லேர்ந்தே பேச ஆரம்பிப்போம், ஏன்னா உங்க சொத்து அதுதான். நான் லடாக்ல லே-ல இருந்தப்போ சக்திமான் வண்டிங்க, அப்புறம் ஸ்டாலியன். காலையில டீசல் மெழுகு கட்டி ஃபில்டர்ல கூழ் மாதிரி நிக்கும். ராத்திரியே பேட்டரிய கழட்டி பேரக்ஸ் உள்ள புகாரி அடுப்பு பக்கத்துல வச்சிருப்போம், விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஆயில் சம்ப சூடு பண்ணி, ஃபில்டர் மாத்தி, பிரைமர் பம்ப் அடிச்சு அடிச்சு கை மரத்துப்போய், கான்வாய் கிளம்புற நேரத்துக்கு எல்லா வண்டியும் ரெடியா நின்னாகணும். ஒரு வண்டி விஓஆர், அதாவது ஓடாம நின்னாக்கூட கமாண்டிங் ஆபீசர் வரைக்கும் பதில் சொல்லணும். இதெல்லாம் நீங்க என்னைவிட அதிகமா பாத்திருப்பீங்க. இது இன்ஜினியரிங் வேலை. நம்ம ஊர்ல யாரும் இத அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல, மிலிட்டரிக்காரர்னு மட்டும் சொல்லி விட்டுடறாங்க, கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னு சொல்ற உங்க வேலூர் பக்கத்துலயே அப்படித்தான். 2024 ஆகஸ்ட்ல வயநாடு சூரல்மலைல நம்ம ராணுவ இன்ஜினியர் பிரிவு மெட்ராஸ் சாப்பர்ஸ் 190 அடிக்கு பெய்லி பாலம் போட்டத டிவில ஊரே பாத்துச்சு, ஒவ்வொரு பேனலும் பத்தடி நீளம், 260 கிலோ கிட்ட, ஆள் சேர்ந்து தோள்ல தூக்கி பின் அடிச்சு ஜாயின்ட் பண்ணது, 24 டன் வரைக்கும் தாங்கற பாலம். அந்தப் பாலத்துல பின் அடிச்ச பையன் நாளைக்கு ரிட்டயர் ஆகி வந்தா அவனுக்கும் நம்ம ஊர் சொல்ற வேலை ஏடிஎம் வாசல்தான், அது எனக்கு நெஞ்ச அடைக்குது. செக்யூரிட்டி வேலை கேவலம்னு நான் சொல்லவே இல்ல, என் கூட இருந்தவங்க பலபேர் அதுல பிள்ளைங்கள படிக்க வச்சிருக்காங்க. ஆனா கையில டிரேட் இருக்கற ஆளு, வேற வழி தெரியாம அதுக்குப் போகக்கூடாது.

சரி, அப்ப உடனே ஒர்க்‌ஷாப் போடலாமான்னு கேப்பீங்க. போடாதீங்க. ஏன்னு சொல்றேன்.

லாரில பணம் போன பிறகு அம்பத்தூர்ல ஒரு ஷெட்டு வாடகைக்கு எடுத்தேன். முதல் பெரிய வேலை செங்குன்றத்துல ஒரு ரைஸ் மில் ஜெனரேட்டர், 125 கேவிஏ, ஹெட் கேஸ்கெட் போயி ரேடியேட்டர்ல ஆயில் மிதக்குது. மூணு நாள், ஹெல்ப்பர் ரெண்டு பேர், ஹெட்ட கழட்டி பாரீஸ் பக்கம் கொண்டுபோயி ஃபேஸ் அடிச்சு, வால்வ் லேப்பிங் பண்ணி, ஏத்தி, டார்க் ரெஞ்ச் வச்சு புக்ல இருக்கற வரிசைப்படி டைட் பண்ணி ஸ்டார்ட் பண்ணா சத்தம் மணி மாதிரி. மில் ஓனருக்கு அவ்வளவு சந்தோஷம், சட்டைப் பையில கைய விட்டுக்கிட்டே "எவ்வளவு ஆகும் சொல்லுங்க"ன்னார். எனக்கு வாய் வரல. 17 வருஷத்துல என்கிட்ட அந்தக் கேள்விய யாரும் கேட்டதில்ல. இன்டென்ட் போட்டா டிப்போவிலேர்ந்து ஸ்பேர் வரும், எத்தன மணி நேரம் ஆனாலும் சம்பளம் ஒண்ணுதான், வண்டி ஓடணும் அவ்வளவுதான் கணக்கு. "நீங்களே பாத்து குடுங்க"ன்னேன். 2,000 குடுத்தார். ஹெல்ப்பர் கூலி, லேத் காசு, ஆட்டோ எல்லாம் போக என் கையிலேர்ந்து 350 போச்சு. அவர் ஏமாத்தல, நான்தான் ரேட் சொல்லல.

ரேட் சொல்றது ஒரு தனி டிரேட் தம்பி, அதுக்கு செகந்திராபாத் இஎம்இ டிரெய்னிங்ல நமக்கு கிளாஸ் எடுக்கல. உங்களுக்கு நான் சொல்ற வழி இதுதான், ரெண்டு வருஷம், முடிஞ்சா மூணு, வேற ஒருத்தர் காசுல அத கத்துக்கோங்க. ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எர்த்மூவர், ஜென்செட் கம்பெனிகளோட டீலர் சர்வீஸ் சென்டர் எதுலயாவது சேருங்க, சம்பளம் குறைச்சலா இருக்கும், உங்களுக்கு மேல 26 வயசுப் பையன் டிப்ளமோ முடிச்சவன் இருப்பான், அவன சார்னு கூப்பிடணும், முதல் ஆறு மாசம் அது உறுத்தும். நான் ஒரு ஃபேக்டரி மெயின்டனன்ஸ்ல அஞ்சு வருஷம் அப்படித்தான் இருந்தேன். வெண்டருங்க குடுக்கற கொட்டேஷன் எல்லாம் என் டேபிள் வழியா போகும், லேபர் எவ்வளவு போடறான், ஸ்பேர்ல எவ்வளவு வைக்கறான், எந்த இடத்துல விட்டுக்குடுக்கறான்னு ராத்திரி நோட்டுல எழுதி எழுதி வச்சேன், என் காலேஜே அதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கு. நீங்க கை வச்ச வண்டி பெரும்பாலும் மெக்கானிக்கல் பம்ப், காது வச்சுக் கேட்டே டைமிங் சொல்லிடுவீங்க. இப்ப வெளிய ரோட்ல 2020 ஏப்ரல்லேர்ந்து பிஎஸ் 6, ஜெனரேட்டருக்கு 2023 ஜூலைல சிபிசிபி 4 பிளஸ்னு புது புகை விதி வந்து, காமன் ரெயில், இசியுங்கற இன்ஜின் கம்ப்யூட்டர், சென்சார்னு ஆயிடுச்சு. ஸ்கேனர் மாட்டாம ஒண்ணும் தெரியாது, சில வண்டில கம்பெனி சாஃப்ட்வேர் இருந்தாத்தான் இன்ஜெக்டர் மாத்தி கோடு ஏத்த முடியும். இதெல்லாம் டீலர்கிட்ட சேர்ந்தா அவங்களே டிரெய்னிங் அனுப்புவாங்க. பழைய இன்ஜின் கையும் புது ஸ்கேனரும் தெரிஞ்ச ஆள் மார்க்கெட்ல ரொம்ப கம்மி, ஃபால்ட் கோடு காட்டற பார்ட்ட மாத்திட்டு போற பசங்க நிறைய, ஏன் அந்த பார்ட் போச்சுன்னு தேடறவங்க குறைவு.

வேலைக்கு அப்ளை பண்ணும்போது நம்ம பாஷையில எழுதாதீங்க. "எல்ஆர்டபிள்யூல விஓஆர் ஸ்டேட் மெயின்டைன் பண்ணேன்"னா எச்ஆர் பொண்ணுக்கு ஒண்ணும் புரியாது. இத்தன கனரக வண்டி, இத்தன பேர் டீம், பிரேக்டவுன் நேரத்த இவ்வளவு குறைச்சேன், ஸ்பேர் ஸ்டாக் பாத்தேன்னு எழுதுங்க. 

2007ல நான் திரும்ப சொந்தமா ஆரம்பிச்சேன், அடுத்த வருஷமே தமிழ்நாட்டுல கரண்ட் கட் காலம் தொடங்கிடுச்சு, ஜெனரேட்டர் இல்லாத கடை இல்ல, போன் நிக்காம அடிச்சுது, ஒன்பது பேர் வேலை பாத்தாங்க. அத என் திறமைன்னு நினைச்சேன். 2014, 15 வாக்குல கரண்ட் சரியானதும் போன் நின்னுடுச்சு. அப்ப என்னைக் காப்பாத்தினது வருஷ கான்ட்ராக்ட் கஸ்டமருங்க, ஆஸ்பத்திரி, கோல்டு ஸ்டோரேஜ் மாதிரி இடங்க. அவங்க ஏன் என்கூட இருந்தாங்கன்னா நான் ஆர்மி பழக்கத்துல ஒவ்வொரு மெஷினுக்கும் லாக் புக் போட்டு, தேதி, ஹவர் மீட்டர், என்ன ஆயில், யார் செஞ்சான்னு கையெழுத்தோட வச்சிருந்தேன். நமக்கு அது சாதாரணம், வெளிய அதுக்குக் காசு குடுக்கறாங்க. நீங்க ஒர்க்‌ஷாப் போடும்போது ரிப்பேர நம்பிப் போடாதீங்க, மெயின்டனன்ஸ நம்பிப் போடுங்க.

கேப்டன் கோபிநாத் கதைய சொல்லி உங்களை யாராவது உசுப்பேத்துவாங்க. 71 போர்ல இருந்தவர், ஏர் டெக்கான் ஆரம்பிச்சவர், எல்லாம் நிஜம். ஆனா அவர் பட்டாளத்த விட்டு வந்து கர்நாடகாவுல நிலத்துல இறங்கி, மாடு, பட்டுப்புழுன்னு வருஷக்கணக்கா அலைஞ்ச பிறகுதான் 1997ல ஹெலிகாப்டர் கம்பெனி, 2003ல ஏர்லைன்ஸ். அந்த நடு வருஷங்கள யாரும் மேடையில சொல்றதில்ல.

பணத்துக்கு வழி இருக்கு, உங்க செட்டில்மென்ட்ட தொடாமலே. தமிழ்நாடு அரசோட "முதல்வரின் காக்கும் கரங்கள்" முன்னாள் படைவீரர்களுக்காகவே வந்தது, 1 கோடி வரைக்கும் கடன், 30 சதவீதம் மூலதன மானியம், வட்டியில 3 சதவீதம் சலுகை. வேலூர்ல முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போய் உக்காந்து கேளுங்க, ஃபோன்ல கேக்காதீங்க. தொழில் தொடங்கின அன்னிக்கே உதயம்ங்கற சிறுதொழில் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணிடுங்க, இலவசம்தான். அது இருந்தா பில் குடுத்து 45 நாளைக்கு மேல இழுத்தடிக்கற கம்பெனி மேல சட்டப்படி வட்டியோட கேக்கலாம். என் 4 லட்சம் பில்ல ஒரு கம்பெனி பதினோரு மாசம் வச்சிருந்துச்சு, நான் ரெஜிஸ்டர் பண்ணாம இருந்த காலம் அது, ஒவ்வொரு வாரமும் கேட்ல போய் நின்னேன்.

கவர்ன்மென்ட் வேலை ஆசை ஓரத்துல இருந்தா அதையும் மறைக்காதீங்க. மத்திய அரசு குரூப் சி-ல நமக்கு 10 சதவீதம், பொதுத்துறை கம்பெனி, பேங்க்ல 14.5 சதவீதம் இடம் இருக்கு, வயசுல சர்வீஸ் வருஷத்த கழிச்சு மேல 3 வருஷம் சலுகை. டெக்னீஷியன் போஸ்ட்டா பாத்து எழுதுங்க.

வீட்டுல என்ன சொல்லணும்னா, செட்டில்மென்ட் பணம் மொத்தமும் பொண்ணு காலேஜ் முடிக்கற வரைக்கும் ரெண்டு பேர் பேர்லயும் டெபாசிட்ல இருக்கும், கம்யூட்டேஷன் எவ்வளவுங்கறத ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்ணுவோம், மச்சானுக்கு நானே போன் பண்ணி இல்லன்னு சொல்லிடறேன்னு சொல்லுங்க. அந்தக் கடைசி வேலைய அவங்க தலையில கட்டாதீங்க, அவங்க கூடப் பிறந்தவரா இருந்தா அது இன்னும் கஷ்டம்.

உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருக்கே, ரிட்டயர் ஆகப்போறவங்களுக்கு டிஜிஆர் ஆபீஸ் நடத்தற ரீசெட்டில்மென்ட் கோர்ஸுக்கு இப்பவே பேர் குடுங்க, எல்லாரும் லேசா இருக்கற கோர்ஸ எடுத்துட்டு லீவு மாதிரி போவாங்க, நீங்க போகாதீங்க. டிரேட் டெஸ்ட் ரிசல்ட், செஞ்ச கோர்ஸ் சர்டிஃபிகேட், டிரைவிங் லைசென்ஸ் எல்லாத்தையும் யூனிட் ஆபீஸ்ல கிளார்க்கிட்ட உக்காந்து டிஸ்சார்ஜ் புக்ல ஏறியிருக்கான்னு பாத்து, இல்லன்னா அங்கயே ஏத்த வைங்க. வெளிய வந்த பிறகு ஒரு எழுத்து திருத்தறதுக்கு நான் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு ஏழு லெட்டர் போட்டேன்.