சந்தைக்குப் போகும் குதிரை: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்கள்

ஆடி மாதத்து அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை நெருங்க நெருங்க, எனக்கு வரும் கடிதங்களில் மாடும் ஆடும் குறைந்து குதிரை கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் பலவும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. வண்டியில் ஏற்றிய குதிரை நிலைகொள்ளவில்லை, என்ன செய்வது? அதனால் இந்த இதழ்ப் பகுதி முழுக்க அதற்கே.

கே: டாக்டர் அம்மா, போன வருஷம் அந்தியூரில் ஒரு கத்தியவார் இனப் பெண் குதிரை வாங்கினேன். லாயத்தில் சாதுவாக நிற்கும். வண்டியில் ஏற்றினால் பலகையை உதைக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. சமீபத்தில் ஒரு வளைவில் முட்டி போட்டு விழுந்து தோல் போய்விட்டது. அதன் குணமே அப்படியா?
(வாசகர், ஒட்டன்சத்திரம்)

ப: குணமெல்லாம் நல்ல குணம்தான் தம்பி. விழாமல் இருக்கத்தான் அது அந்தப் பாடு படுகிறது. கம்பியைப் பிடிக்காமல் டவுன் பஸ்ஸில் நின்று பாருங்கள், புரியும். நமக்காவது முன் கண்ணாடி வழியே வளைவு வருவது தெரியும். வண்டித் தொட்டிக்குள் நிற்கிற குதிரைக்கு அதுவும் தெரியாது.

குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. தலையும் கழுத்தும் முன்னால் நீண்டிருப்பதால் அப்படி. முன்னோக்கி நிற்கும்போது பிரேக் போட்டால் இன்னும் கொஞ்சம் எடை அங்கே வந்து சேரும். உடனே தலையைத் தூக்கி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்துச் சமாளிக்கப் பார்க்கும். லாயத்தில் நின்றபடியே தூங்குகிற பிராணிதான்; மூட்டைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அதன் காலில் உண்டு. ஆனால் ஆடுகிற தளத்தில் அந்தப் பூட்டு உதவாது, தசைகள் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். வண்டியில் நிற்பதற்குக் குதிரை செலவழிக்கும் சக்தி, மெதுவாக நடப்பதற்கு ஆகும் சக்திக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து அந்தியூருக்கு நீங்கள் உட்கார்ந்து வருகிறீர்கள், அது நடந்து வருகிறது.

முதலில் தளத்தைப் பாருங்கள். இரும்புத் தகரத்தின் மேல் இரும்பு லாடம். அதில் ஒரு முறை மூத்திரம் போய்விட்டால் எந்தக் குதிரையும் நிற்காது. சிலர் வைக்கோலைப் பரப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தகரத்தின் மேல் வெறும் வைக்கோல் இன்னும் மோசம், காலோடு சேர்ந்து நழுவும். மாட்டுக் கொட்டகைக்குப் போடுகிற கனமான ரப்பர் மேட்டை இடைவெளி இல்லாமல் விரித்து, அதன் மேல் இரண்டு அங்குலத்துக்கு லேசாக ஈரமான மணல் போடுங்கள். நான் பார்த்தவரை நம் ஊர் வண்டிகளுக்கு இதைவிடச் சிக்கனமான, நல்ல ஏற்பாடு இல்லை.

அடுத்தது, காலை அகட்டி வைக்க இடம். குதிரை ஆடக்கூடாது என்று இரண்டு பக்கமும் பலகையை இறுக்கி, அதையும் தரை வரைக்கும் இறக்கிவிடுகிறார்கள். வளைவில் அது காலை வெளியே எடுத்து வைத்தால்தான் நிற்க முடியும். வைக்கப் போன இடத்தில் பலகை இடித்தால் அதன் மேலேயே ஏறப் பார்க்கும். தடுப்பு நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், கீழே திறந்திருக்கட்டும். 1978-ம் ஆண்டின் விலங்குகளைக் கொண்டுசெல்லும் விதிகளே ஒவ்வொரு குதிரைக்கும் நடுவில் குறைந்தது 8 செ.மீ. பருமனுள்ள மூங்கிலும், பின்னால் இரண்டு உறுதியான கட்டைகளும் வேண்டும் என்கின்றன. மூங்கிலில் பழைய சாக்கைச் சுற்றிவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். கேபினின் பின் ஜன்னல் கம்பியில் செல்போனைக் கட்டி, பத்து நிமிஷம் வீடியோ எடுங்கள். நீங்கள் பின்னால் ஏறி நிற்க வேண்டாம், ஆபத்து. வீடியோவில் முகத்தை விட்டுவிட்டுக் குளம்பைப் பாருங்கள். நல்ல தளத்தில் நிற்கிற குதிரை, வளைவு தொடங்கும்போது வெளிப்பக்கத்துக் காலை ஒரு சாண் தள்ளி வைக்கும். குளம்பு முழுதாகப் பதியும். வளைவு முடிந்ததும் கால் பழைய இடத்துக்கு வந்துவிடும். வழுக்குகிற தளத்தில், அதே வளைவில், குளம்பின் முனை மட்டும் தரையைச் சுரண்டும். இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பலகையில் போய் முட்டுக்கொடுக்கும். பலகையை உதைக்கிறது என்று நீங்கள் நினைத்த ‘டக் டக்’ சத்தம் பெரும்பாலும் அதுதான்.

முட்டியில் தோல் போனது என்றீர்களே, டெட்டனஸ் ஊசி போட்டீர்களா? நாம் வளர்க்கிற பிராணிகளில் அந்த நோய்க்கு மிகச் சுலபமாக ஆளாவது குதிரைதான். காயம் ஆறியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கே: தலையை நன்றாகத் தூக்கிக் கட்டினால் குதிரை ஆடாது என்று டிரைவர் சொன்னார். அப்படியே கட்டி ராத்திரி முழுக்க வந்தோம். இறங்கிய மூன்றாம் நாள் காய்ச்சல், இருமல். சம்பந்தம் உண்டா?
(வாசகர், பெருந்துறை)

ப: உண்டு. நிறையவே உண்டு. இருமல் இன்னும் இருந்தால் இதைப் படித்து முடிக்கக் காத்திருக்காமல் உடனே மருத்துவரை வரவழையுங்கள். இது நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கும் அளவுக்குப் போகக்கூடிய நோய்.

குதிரை நாளெல்லாம் தலையைக் குனிந்து மேய்கிற பிராணி. மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் கிருமியும் அப்படிக் குனியும்போதுதான் வெளியே வடியும். தலையைத் தூக்கியே கட்டினால் சில மணி நேரத்திலேயே கிருமி பெருகி, கீழே நுரையீரலுக்கு இறங்க ஆரம்பிக்கும். போதாததற்கு மூக்குக்கு நேராக ஒரு கட்டு உலர்ந்த புல்லைத் தொங்கவிடுகிறார்கள். மூச்சுக்கு மூச்சு தூசி.

ஆடாமல் இருக்கும் என்பதும் தப்பு. தலையும் கழுத்தும்தான் குதிரை தன்னைச் சமன் செய்துகொள்ளும் கருவி. அதைக் கட்டிப்போட்டால் மொத்த வேலையும் காலுக்குப் போய்விடும். கயிறு கட்டும் வளையம் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். தலைக்கயிற்றிலிருந்து வளையம் வரை இரண்டு அடி போல விடுங்கள். முகத்தைத் தாராளமாக இறக்க வேண்டும், ஆனால் முன்னங்கால் கயிற்றைத் தாண்டக் கூடாது. நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சு போடுங்கள். புல்லைத் தண்ணீரில் நனைத்து வையுங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம் தலையைத் தரை வரை தொங்கப்போட விடுங்கள். செருமும், மூக்கிலிருந்து ஒழுகும். ஒழுகட்டும், நல்லது. ஓடுகிற வண்டியில் மூத்திரத்தை அடக்கிவைக்கிற குதிரையும் அந்த நேரத்தில் போய்விடும்.

வீடு சேர்ந்த பிறகு நாலு நாள் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. அதற்கு மேலே போனால், தீனி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கூப்பிடுங்கள்.

கே: குதிரையை முகம் முன்பக்கம் பார்க்க நிறுத்த வேண்டுமா, பின்பக்கம் பார்க்கவா? டாடா ஏஸ் போதுமா?
(வாசகர், காங்கயம்)

ப: இரண்டாவதற்கு முதலில் பதில்: போதாது. குட்டியானையின் தொட்டி ஏழடி. மூக்கிலிருந்து வால் வரை உங்கள் குதிரையை அளந்து பாருங்கள், அதைவிட நீளமாகத்தான் இருக்கும். முன்னூற்றைம்பது, நானூறு கிலோ உயரத்தில் நின்று ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தச் சின்ன வண்டி கூடவே சாயும். குதிரைக்கு மட்டுமா, டிரைவருக்கும் ஆபத்து. பெரிய பிக்கப் அல்லது பதினாலு அடி லாரி பிடியுங்கள். வாடகையில் மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது.

திசையைப் பொறுத்தவரை, கட்டாமல் விட்டுப் பார்த்த சில சோதனைகளில், வண்டி ஓடும்போது பல குதிரைகள் தாமாகவே பின்பக்கம் பார்த்துத் திரும்பி நின்றிருக்கின்றன. 1996-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், பின்னோக்கி நின்ற குதிரைகளுக்கு இதயத் துடிப்பு குறைவாக இருந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். பிரேக் போடும்போது தள்ளுகிற வேகத்தைச் சதைப்பிடிப்பான பின்பக்கம் வாங்கிக்கொள்ளும். தலை போய் எங்கும் முட்டாது. முன்பு சொன்ன 1978-ம் ஆண்டு விதியோ, எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதபடி தலை இடது பக்கம் இருக்கட்டும் என்கிறது. நிறையக் குதிரைகளை வரிசையாக நிறுத்தும் லாரிக்கு அது பொருத்தம். ஒற்றைக் குதிரையை ஏற்றுகிறவர்கள் அதைக் கொஞ்சம் குறுக்காகச் சாய்ந்து நிற்கவிட்டால் பிரேக்குக்கும் வளைவுக்கும் இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். கயிறு அளவாக இருந்தால் தனக்குத் தோதான கோணத்தை அதுவே தேடிக்கொள்ளும். வேறொரு வண்டியில் கோத்து இழுக்கிற டிரெய்லராக இருந்தால் மட்டும், முன்னோக்கி நிற்பதற்கென்றே வடிவமைத்ததில் நீங்களாகப் பின்னோக்கி நிறுத்தாதீர்கள். கனம் பின்னால் போய் இழுவையே கெட்டுவிடும்.

கே: கோவையில் சவாரி கற்றுத்தருகிறோம். சீசனுக்கு இரண்டு குதிரைகளை ஊட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். மேட்டுப்பாளையம், குன்னூர் வழி மலைப்பாதைக்கு என்ன கவனிக்க வேண்டும்?
(வாசகி, வடவள்ளி)

ப: டிரைவரைக் கவனியுங்கள் அம்மா. கல்லாறு தாண்டியதும் தொடங்குகிற கொண்டை ஊசி வளைவுகளில் குதிரை நிற்பதும் விழுவதும் அவர் வலது காலில்தான் இருக்கிறது. டேஷ்போர்டில் அரை டம்ளர் தண்ணீர் வைத்து, சிந்தாமல் ஓட்டச் சொல்லுங்கள். வளைவுக்கு முன்பே வேகம் குறைய வேண்டும், வளைவுக்குள் பிரேக் தொடக்கூடாது, வண்டி நேரான பிறகுதான் ஆக்ஸிலேட்டர். விதிப்படி குதிரை ஏற்றிய வண்டிக்கு மணிக்கு 35 கி.மீ.தான் உச்ச வேகம். மலையில் அதுவே அதிகம்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் குதிரைக்குக் கஷ்டம். ஏற்கெனவே பாரம் தாங்குகிற முன்னங்கால்களில் சரிவு இன்னும் பாரத்தை ஏற்றும். ஏறின கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். மலை ஏறும் முன் ஒரு நிறுத்தம், குன்னூரில் ஒரு நிறுத்தம். நடுவழியில் சாலையோரம் குதிரையை இறக்கவே கூடாது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே. குளிருமே என்று கீழேயே கம்பளி போர்த்திவிடாதீர்கள்; வேர்த்து நனைந்து, மேலே போய் விறைக்கும். சேர்ந்ததும் துடைத்து உலர்த்தி அப்புறம் போர்த்துங்கள். மறுநாள் சவாரி வேண்டாம், கையில் பிடித்து நடத்தினால் போதும்.

கே: மயக்க ஊசி போட்டு ஏற்றினால் பிரச்சினையே இல்லையே? கண்ணைக் கட்டலாமா?
(வாசகர், தாராபுரம்)

ப: கூடாது. மயக்க மருந்து பயத்தை மட்டும் எடுப்பதில்லை, காலையும் தள்ளாட வைக்கிறது. ரத்த அழுத்தமும் இறங்கும். நிற்பதே வேலையாக இருக்கிற இடத்தில் அதையே பறித்துவிடுவீர்கள். பொலிகுதிரைக்குச் சில மருந்துகளால் குறி வெளியே தொங்கி உள்ளே போகாமலே நின்றுவிடும் கேடும் உண்டு. கண்கட்டும் அப்படித்தான், நிலையை உணரக் கண்ணும் வேண்டும்.

கே: எங்கள் குதிரை வண்டி ஏறவே மாட்டேன் என்கிறது. நாலு பேர் பின்னால் நின்று சாட்டையடித்துத்தான் ஏற்றுகிறோம்.
(வாசகர், மணப்பாறை)

ப: அந்தச் சாட்டையை இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். அடி வாங்கி ஏறிய குதிரை, கிளம்பும் முன்பே வேர்த்து நடுங்கிக்கொண்டிருக்கும். அதை எந்த டிரைவரும் சாந்தப்படுத்த முடியாது.

பயணத்துக்குப் பல நாள் முன்பே வண்டியை ஒரு மண் மேட்டை ஒட்டி நிறுத்துங்கள். மேடும் தொட்டியும் ஒரே மட்டம், நடுவில் சந்து இருக்கக் கூடாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் குதிரையின் கண் பழக நேரமாகும், அதனால் முன்பக்கத் தார்ப்பாயைச் சுருட்டி உள்ளே வெளிச்சம் வரவிடுங்கள். ஊறவைத்த கொள்ளை உள்ளே வைத்துவிட்டு, கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக் காத்திருங்கள். ஒரு அடி எடுத்து வைத்தால் இழுப்பதை அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அதுதான் அதற்கு நீங்கள் சொல்கிற ‘சபாஷ்’. முதல் நாள் முன்னங்கால் மட்டும் ஏறினால் போதும், இறக்கிவிடுங்கள். அப்புறம் உள்ளே நின்று தின்னப் பழகியதும் எஞ்சினை ஓடவிடுங்கள், பிறகு ஊரைச் சுற்றி ஒரு சின்ன ஓட்டம். பழகிய குதிரை ஒன்று கூட இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு ஒழுங்கை மட்டும் யாரும் மாற்றாதீர்கள். ஏற்றும்போது பின் கட்டையைப் போட்ட பிறகுதான் தலையைக் கட்ட வேண்டும். இறக்கும்போது தலையை அவிழ்த்த பிறகுதான் பின் கட்டையை எடுக்க வேண்டும். தலை கட்டியிருக்க, பின்பக்கம் திறந்திருப்பதைப் பார்த்தால் குதிரை பின்னால் பாயும். கயிறு இழுத்ததும் மிரண்டு மல்லாக்க விழும். சந்தையில் நான் பார்த்த மோசமான காயங்கள் பல இப்படி வந்தவை.

கே: சந்தையில் வாங்கிய அன்று ராத்திரியே ஊருக்கு ஏற்றிவிடலாமா?
(வாசகர், அரியலூர்)

ப: முடிந்தால் ஒரு நாள் பொறுங்கள். குஜராத், ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வந்த குதிரையாக இருந்தால் நீண்ட பயணத்தின் அலுப்பே அதற்குத் தீர்ந்திருக்காது. அன்று நன்றாகத் தண்ணீர் குடிக்கிறதா, சாணி ஒழுங்காகப் போடுகிறதா என்று பாருங்கள். நூறு கிலோ எடைக்கு ஐந்து லிட்டர் வீதம் ஒரு நாளைக்குத் தண்ணீர் வேண்டும். வெயிலில் இன்னும் கூடும். புது ஊர்த் தண்ணீரைச் சில குதிரைகள் முகர்ந்துவிட்டு விட்டுவிடும். கொஞ்சம் வெல்லம் கரைத்துக் கொடுத்துப் பாருங்கள். தண்ணீர் குறைந்த குதிரைக்குச் சாணி இறுகி வயிற்றுவலி வரும், அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்குள் கரூர் தாண்டிவிடலாம்.