வாசகர் கேள்வி: தென்னந்தோப்பில் தேனீ வளர்க்கலாமா?

கேள்வி: எங்களுக்கு அரை ஏக்கர் தென்னந்தோப்பு உள்ளது. தேனுக்காகப் பத்துப் பெட்டிகள் வாங்க எண்ணுகிறேன். எந்த வகைத் தேனீ ஏற்றது? முதல் ஆண்டே தேன் கிடைக்குமா?
– வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: பத்து வேண்டாம், இரண்டு போதும். ஒரே பெட்டி இருந்தால் அது நன்றாக இருக்கிறதா, நலிந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இரண்டு இருந்தால், வலுவான கூட்டத்திலிருந்து முட்டையும் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை (தேனீக்கள் அடை கட்டும் மரச்சட்டகம்) எடுத்து நலிந்த கூட்டத்துக்குக் கொடுத்து அதைத் தேற்றலாம். வகையைப் பொறுத்தவரை, பெருவெளியாகப் பயிர் பூக்கும் இடங்களும், பூக்கும் பருவத்துக்கேற்பப் பெட்டிகளை இடம் மாற்றும் வசதியும் இத்தாலியத் தேனீக்கு வேண்டும் என்பதால், வீட்டுத் தோட்டத்துக்கு இந்தியத் தேனீயே ஏற்றது.

பெட்டி வாங்குமுன், சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் எந்த மரம் எந்த மாதத்தில் பூக்கிறது என்று எழுதி வையுங்கள். தென்னையில் ஆண்டு முழுவதும் பாளை வெடிப்பதால் மகரந்தத்துக்குக் குறைவிருக்காது. ஆனால் பெட்டி நிறையத் தேன் வர அது மட்டும் போதாது. முருங்கை, புளி, வேம்பு, சூரியகாந்தி ஆகியவை அருகில் உள்ளனவா என்று பாருங்கள். மார்த்தாண்டம் பகுதி தேனுக்குப் பெயர் பெற்றதற்குப் பெட்டியைவிட ரப்பர் தோட்டங்களே பெரிய காரணம். அங்கே ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் கசியும் இனிய நீரைத்தான் தேனீக்கள் சேர்க்கின்றன. அந்தத் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதே அல்ல.

பெட்டியை மர நிழலில், வாசல் கிழக்கு நோக்க வைத்து, தாங்கியின் கால்களை நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். இல்லையெனில் எறும்பு ஏறும். வாரம் ஒருமுறை அடித்தட்டைச் சுத்தம் செய்யாவிட்டால் மெழுகுப்பூச்சி அடைகளைத் துளைத்து நூலாம்படை கட்டிவிடும். மழைக்காலத்தில் பூ குறையும்போது சர்க்கரையும் நீரும் சம அளவில் கலந்த பாகை மாலையில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே வைத்தால் பக்கத்துக் கூட்டங்கள் கொள்ளைக்கு வரும். அந்தப் பாகு பெட்டியின் மேல்தட்டான தேன் அறையில் சேரும் காலத்தில் அறுவடை செய்து அதைத் தேன் என்று விற்பது, என் பார்வையில், ஏமாற்று வேலையே.

தேன் அறையின் சட்டத்தைத் தூக்கிப் பார்க்கும்போது அடையின் சிறு கண்களில் முக்கால் பங்காவது வெள்ளை மெழுகு மூடியிட்டிருந்தால்தான் தேன் முற்றியதாகப் பொருள். அதற்கு முன் எடுத்தால் நீர் மிகுந்து புளிக்கும். கீழேயுள்ள புழு அறையைத் தொடவே கூடாது. கூட்டம் வலுப்பெறவே முதல் ஆண்டு போய்விடக்கூடும். வருமானத்தை அந்த ஆண்டில் எதிர்பார்க்காதீர்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் நடத்தும் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குச் சென்று வந்த பின் பெட்டி வாங்குவது நல்லது.

கேள்வி: வீட்டில் எடுத்த தேன் உறைந்துவிட்டது. சர்க்கரை கலந்ததாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தேனிலுள்ள குளுக்கோஸ் படிகமாவது இயல்பு, ரப்பர்த் தேன் விரைவிலேயே உறையும். கைபொறுக்கும் சூட்டு நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேரடியாகச் சூடாக்காதீர்கள். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனையால் பயனில்லை, ஏனெனில் கெட்டியான பாகும் அப்படியே அடியில் தங்கும். விற்பதாக இருந்தால் ஆய்வகத்தில் ஈரப்பதம் பார்த்து, உணவுப் பாதுகாப்புத் துறையிலும் பதிவு செய்துகொள்ளுங்கள்.