ஜிஆர்இ (வெளிநாட்டு மேற்படிப்புக்கான தேர்வு) ஆங்கிலச் சொற்கள்: கேள்வி பதில்

கே: தினமும் 50 சொல் படிக்கிறேன் சார். ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறது.

ப: பத்துப் போதும். அட்டையின் முன்பக்கம் ஒரு முழு வாக்கியத்தை எழுதி, படிக்கும் சொல்லின் இடத்தை மட்டும் காலியாக விடுங்கள். பின்பக்கம் சொல், உச்சரிப்பு, பொருள். மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 15ஆம் நாள் எடுத்துப் பாருங்கள். தவறிய அட்டை முதல் நாளுக்கே திரும்ப வேண்டும். இதில் சலுகை கொடுப்பதால்தான் மறக்கிறது. ஒற்றைத் தமிழ்ச் சொல்லைப் பொருளாக எழுதவே எழுதாதீர்கள். 'ஃப்ரூகல்', 'பார்சிமோனியஸ்' இரண்டுக்கும் 'சிக்கனம்' என்று எழுதினால், முன்னது பாராட்டு, பின்னது கஞ்சத்தனத்தைப் பழிப்பது என்ற வேறுபாடே தெரியாது.

கே: எதிர்ச்சொல் பட்டியல்?

ப: வேண்டாம். அந்தக் கேள்விவகையை 2011லேயே எடுத்துவிட்டார்கள்.

கே: வேர்ச்சொல் தெரிந்தால் போதுமா?

ப: 'மலெவலன்ட்' போன்றவற்றுக்கு உதவும்: லத்தீனில் 'மலெ' தீங்காக, 'வொலன்ஸ்' விரும்புகிற. ஒலியை வைத்து ஊகித்தால் வழுக்கும். 'எனர்வேட்' தெம்பூட்டுவதல்ல, தெம்பை உறிஞ்சுவது. 'ரெஸ்டிவ்' ஓய்வல்ல, இருப்புக்கொள்ளாமை. 'நாய்சம்' சத்தமல்ல, துர்நாற்றம்.

கே: 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்றால் ஆர்வமில்லாத?

ப: தேர்வில் 'சார்பற்ற' என்றே கொள்ளுங்கள். நீதிபதி அப்படித்தான் இருக்க வேண்டும்.

கே: அகராதியில் 'ஆர்வமற்ற' என்றும் இருக்கிறதே சார்?

ப: இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே அப்படியும் எழுதினார்கள்.

கே: அப்படியானால் அதைத் தவறு என்பது சரியா? மக்கள் வழக்குதானே மொழி?

ப: தவறு என்று நான் சொல்லவில்லை. சங்கப் பாட்டில் 'நாற்றம்' நறுமணம். அதற்காக இன்று கல்யாண வீட்டில் 'பூ நாறுகிறது' என்பீர்களா? எந்த இடத்தில் எந்தப் பொருள் செல்லும் என்பதுதான் கேள்வி. 'சாங்ஷன்' அனுமதியையும் குறிக்கும், தண்டனைத் தடையையும் குறிக்கும். சுற்றியுள்ள வாக்கியம்தான் தீர்ப்புச் சொல்லும்.

கே: ஒரு நாளைக்கு எத்தனை சொல் படிக்கலாம்?

ப: பத்து. முதல் பதிலைப் பாருங்கள்.

கே: 3000 சொல்லை ஒரே மாதத்தில் முடிக்க முடியுமா?

ப: நாளுக்கு 100 ஆகிறது, பழைய அட்டைகள் தனி. முடியாது. பத்து.

கே: கணிதப் பகுதிக்கு?

ப: கணித ஆசிரியரைக் கேளுங்கள்.

கே: ஆறில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில், ஒத்த பொருள் ஜோடியைத் தேடினால் போதாதா?

ப: வாக்கியத்துக்குப் பொருந்தாத ஜோடியும் கிடக்கும். ஒன்று மட்டும் சரியென்றால் அரை மதிப்பெண்கூட இல்லை. விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, காலியிடத்தில் உங்கள் சொல்லைப் போடுங்கள், தமிழிலாவது. பிறகு கையை எடுங்கள்.