பாய்லர், ரேடியேட்டர், வெந்நீர் சிலிண்டர்: நானே மாட்டலாமா?

கேள்வி: "பழைய வீடு, மாடியோடு மூன்று படுக்கையறை. வெப்பமூட்ட இதுவரை ஒன்றுமே இல்லை. கேஸ் பாய்லர், அறைகளைச் சூடாக்க எட்டு ரேடியேட்டர், வெந்நீரைச் சேமிக்க ஒரு சிலிண்டர் (தொட்டி) என்று மொத்தத்தையும் நானே போடலாம் என்றிருக்கிறேன். குழாய் வேலை ஓரளவு தெரியும். எங்கே தொடங்குவது, எதைத் தொடக்கூடாது?"

தொடக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்னப் பட்டியல்தான். கேஸ் குழாயை பாய்லரில் சேர்ப்பது, புகைக்குழாய் போடுவது, பாய்லரை முதன்முறை எரியவிட்டுச் சரிபார்ப்பது, இவை உங்கள் வேலை இல்லை. பல நாடுகளில் உரிமம் இல்லாதவர் கேஸில் கை வைப்பது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, புகைக்குழாயில் ஒரு மூட்டு சரியாக உட்காராவிட்டால் தூக்கத்திலேயே ஆள் போய்விடும். அழுத்தத்தில் இயங்கும் மூடிய சிலிண்டரையும், மெயின் போர்டிலிருந்து வரும் மின் இணைப்பையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மீதி எல்லாம், அதாவது ரேடியேட்டர் மாட்டுவது, குழாய் இழுப்பது, கழுவுவது, நிரப்புவது, சூட்டைச் சமன்படுத்துவது, தாராளமாக நீங்களே செய்யலாம். உழைப்பில் பெரும்பங்கு அதுதான். ஒன்று மட்டும்: உரிமம் உள்ள ஆளிடம் பாய்லர் வாங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். அடுத்தவர் போட்ட குழாயில் இணைத்துத் தர மாட்டேன் என்பவர்கள் நிறைய உண்டு, எல்லாம் முடிந்தபிறகு தேடினால் மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? குழாயில் இல்லை, கணக்கில். சொந்தமாகச் செய்பவர்கள் மூட்டு ஒழுகுமோ என்றுதான் பயப்படுகிறார்கள், ஆனால் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், அன்றே சரிசெய்துவிடலாம். தப்பான அளவில் வாங்கிய ரேடியேட்டரும் பாய்லரும்தான் பல வருஷம் கூடவே இருந்து காசு கேட்கும்.

ஒவ்வொரு அறைக்கும் தனியாகக் கணக்குப் போடுங்கள். சுவரோ ஜன்னலோ கூரையோ, அதன் பரப்பளவை அதன் யு மதிப்பால் (ஒரு சதுர மீட்டர் வழியே, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெளியேறும் என்ற எண்) பெருக்கி, உள்ளே வெளியே உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கினால், எத்தனை வாட் வெளியே போகிறது என்று வந்துவிடும். ஒரு அறையை எடுத்துக்கொள்வோம்: 4 மீட்டருக்கு 3.5 மீட்டர், உயரம் 2.5 மீட்டர், நீளமான ஒரு பக்கம் மட்டும் வெளிச்சுவர், அதில் 2 சதுர மீட்டர் ஜன்னல். உள்ளே 20 டிகிரி வேண்டும், வெளியே 0. வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் காப்பு இல்லாத கெட்டிச் செங்கல் சுவருக்கு யு மதிப்பு 2 என்று வைத்தால் 8 × 2 × 20 = 320 வாட். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு 5 என்றால் 200 வாட். அறைக் காற்று மணிக்கு ஒருமுறை மாறுகிறது என்று கொண்டால் 35 கனமீட்டர் × 0.33 (ஒரு கனமீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கும் கணக்கு) × 20, சுமார் 230 வாட். மொத்தம் 750. சதுர மீட்டருக்கு 100 வாட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்களே, அதன்படி போனால் 1,400 வாட் வாங்கியிருப்பீர்கள்.

இப்போது இதே அறை மாடியில் இருக்கிறது, மேலே காப்பு போடாத கூரை என்று வையுங்கள். 14 சதுர மீட்டர் × 2 × 20, அதாவது இன்னும் 560 வாட் கூடிவிட்டது! கூரைக்கு நல்ல காப்பு போட்டு யு மதிப்பை 0.2-க்குக் கொண்டுவந்தால் அந்த 560 வெறும் 56 ஆகிவிடும். அதனால்தான் சொல்கிறேன், ரேடியேட்டர் வாங்கும் முன் கூரைக் காப்பை முடித்துவிட்டு, அப்புறம் கணக்குப் போடுங்கள். முன்னும் பின்னுமாகச் செய்தால் இரண்டு செலவு.

ரேடியேட்டர் அட்டையில் எழுதியிருக்கும் வாட் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். அது பெரும்பாலும் தண்ணீர் 75 டிகிரியில் நுழைந்து 65-இல் திரும்பும்போது, 20 டிகிரி அறையில் கிடைக்கும் அளவு. கண்டென்சிங் பாய்லரோ, திரும்பும் தண்ணீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் புகையில் உள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் பிடிக்கும். அதுவும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. 55-இல் நுழைந்து 45-இல் திரும்பும்படி ஓட்டினால் அதே ரேடியேட்டர் தருவது பாதிதான். ஆகவே 750 வாட் அறைக்கு அட்டையில் 1,500 போட்டதை வாங்குங்கள். இது வீண் செலவு இல்லை, பின்னால் ஹீட் பம்புக்கு (வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் கருவி) மாறினாலும் இதே ரேடியேட்டர்கள் போதும். பாய்லரில் மட்டும் நேர்மாறு: அறைகளின் கூட்டுத்தொகை 8 கிலோவாட் என்றால் 30 கிலோவாட் பாய்லர் எதற்கு? அது எரிந்து அணைந்து எரிந்து அணைந்து கேஸைத் தின்னும். சிலிண்டர் இருப்பதால் குழாயைத் திறந்த நொடியில் தண்ணீரைச் சூடாக்கும் அவசரமும் உங்களுக்கு இல்லை.

குழாய் அளவில் சுருக்கமாகச் சொன்னால், போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 11 டிகிரி வித்தியாசம் இருந்தால் 15 மில்லிமீட்டர் செப்புக் குழாய் சுமார் 6 கிலோவாட், 22 மில்லிமீட்டர் சுமார் 13 கிலோவாட் தாங்கும். பிரதான பாதை 22, ரேடியேட்டருக்குப் பிரியும் கிளை 15. பிளாஸ்டிக் குழாய் போடுவதானால் ஆக்சிஜன் தடுப்புப் பூச்சு உள்ளதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் காற்று உள்ளே கசிந்து இரும்பு ரேடியேட்டரை உள்ளிருந்தே அரிக்கும். சாலிடர் (உருக்கி மூட்டை அடைக்கும் உலோகம்) வைக்கும்போது குழாயையும் மூட்டையும் பளபளவென்று தேய்த்து, ஃப்ளக்ஸ் (சாலிடர் பிடிக்க உதவும் பசை) தடவி, நெருப்பை மூட்டின் மேல் காட்டுங்கள், சாலிடர் மேல் இல்லை. மூட்டு சூடானால் சாலிடர் தானாகவே உள்ளே இழுபடும். குடிநீர்ப் பக்கத்தில் ஈயம் கலக்காத சாலிடர் மட்டும்தான். தரையை மூடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, பிரஷர் கேஜின் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். காற்றை அடைத்து இந்த அழுத்தச் சோதனை செய்யாதீர்கள், அடைபட்ட காற்று மூட்டைப் பிய்த்துக்கொண்டு பறக்கவிடும்.

100 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80-க்குப் போனால் சுமார் 3 லிட்டர் கூடும். மூடிய குழாய்க்குள் அது எங்கே போகும்? எக்ஸ்பேன்ஷன் வெசல் என்ற சிவப்பு உருண்டைக்குள். பாய்லருக்கு உள்ளேயே ஒன்று இருக்கலாம், போதுமா என்று பாருங்கள்: மொத்தத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு கொள்ளளவு தோராயமாகச் சரி. அதன் காற்றழுத்தத்தைத் தண்ணீர்ப் பக்கம் அழுத்தம் இல்லாதபோது டயர் கேஜால் அளக்க வேண்டும். சூடானதும் முள் 3 பாரைத் (பார் என்பது அழுத்த அலகு) தொட்டு, அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

சிலிண்டருக்கு வருவோம். 60 டிகிரியில் வையுங்கள். 20 முதல் 45 டிகிரி வரை லெஜியோனெல்லா கிருமி நன்றாகப் பெருகும், செலவு மிச்சம் என்று 45-இல் வைப்பது சரியில்லை. ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும், அதனால் குளியலறைக்குப் போகும் பாதையில் குளிர்ந்த நீரைக் கலந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாடிக் மிக்ஸிங் வால்வு அவசியம், குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் பேச்சே இல்லை. 150 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஏறக்குறைய 7.8 கிலோவாட் மணி ஆகும். பாய்லர் மக்கர் பண்ணும் நாளில் 3 கிலோவாட் மின் ஹீட்டர் அதை இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடும். சிலிண்டர் நிரம்பாமல் அந்த ஹீட்டரைப் போட்டால் கருகிவிடும். நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 150 கிலோ, தொட்டியின் எடை வேறு, தரைப்பலகை தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய சிலிண்டரின் சேஃப்டி வால்விலிருந்து வரும் குழாய் சொட்டுகிறதே என்று அதில் குழாய்த் திருகோ அடைப்போ வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைவிடப் பைத்தியக்காரத்தனம் இந்த வேலையில் இல்லை.

பலர் தவிர்க்கும் வேலை கழுவுவது. புதுக் குழாயாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள், உள்ளே ஃப்ளக்ஸ், செப்புத் துகள், ரேடியேட்டர் தொழிற்சாலை எண்ணெய் எல்லாம் இருக்கும். பாய்லரை இணைக்கும் முன்பே ஒரு முனையில் தண்ணீரை விட்டு மறுமுனையில் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள். கடைசி நிரப்பலில் துருத்தடுப்பு மருந்து சேருங்கள், திரும்பும் குழாயில் ஒரு காந்த வடிகட்டி போடுங்கள். அப்புறம் குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை நிரப்பி, கீழ்த்தளத்தில் தொடங்கி மேலே போகும்படி ஒவ்வொரு ரேடியேட்டரிலும் காற்றை வெளியேற்றுங்கள்.

பாய்லர் எரிந்தபிறகு பக்கத்து ரேடியேட்டர் கொதிக்கும், கடைசி அறை சில்லென்று இருக்கும். பம்பைப் பெரிதாக்காதீர்கள். ஒவ்வொரு ரேடியேட்டரிலும் ஒரு முனையில் மூடி போட்ட வால்வு ஒன்று இருக்கும், முதலில் சூடாகும் ரேடியேட்டரில் அதை ஏறக்குறைய மூடி, கால் சுற்று மட்டும் திறந்து, தூரம் போகப் போக அதிகமாகத் திறந்து வாருங்கள். ஒரு மாற்றம் செய்தால் அரை மணி நேரமாவது விட்டுப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது இதற்கே போய்விடும். சுவர் தெர்மோஸ்டாட் இருக்கும் அறை ரேடியேட்டரில் மட்டும் அறைச் சூட்டைப் பார்த்துத் தானே மூடும் தானியங்கி வால்வு வைக்காதீர்கள், இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். முதல் வாரம் தினமும் பிரஷர் கேஜைப் பாருங்கள். மெதுவாக இறங்கினால் காற்று இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கலாம், ஒருமுறை நிரப்பினால் நின்றுவிடும். வாராவாரம் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, தேடிப் பிடியுங்கள்; ஒவ்வொரு புதுத் தண்ணீரும் புது ஆக்சிஜனைக் கொண்டுவந்து, நீங்கள் சேர்த்த மருந்தையும் நீர்த்துப்போகச் செய்யும்.