ஏழாம் எண்காரர்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 27. கோவை கணபதியில் வீடு, மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கல்லூரிக் காலத்திலிருந்து ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள் சேர்த்து வருகிறேன். சென்ற மாதம், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஓர் இரவில், நகரத்துப் பொம்மைக் கடை ஒன்றின் வாசலில் நாற்பது பேர் விடிய விடிய வரிசையில் இருந்தோம். பிரீமியம் வகையில் புதிய கார்கள் கொஞ்சம் மட்டும் வருகின்றன, காலையில் ஆளுக்கு ஒன்று என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுத ஒரு நோட்டு வைத்தோம். அது என் பொறுப்பில் இருந்தது. அதன் பக்கத்தைப் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

எனக்குக் கார் கிடைத்துவிட்டது, அட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். ஆனால் இரவெல்லாம் எங்களோடு பேசிச் சிரித்த, எல்லோருக்கும் தேநீர் வாங்கி வந்த ஏழாம் எண்காரர், அன்று பகல் பதினொரு மணிக்கே தன் காரை எட்டு மடங்கு விலைக்கு விற்பனைக்குப் போட்டுவிட்டார். இப்போது அது பத்து மடங்காகிவிட்டது. அவரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்கிறார்கள். நோட்டு வைத்திருந்தவன் என்பதால் முடிவை என்னிடம் விட்டிருக்கிறார்கள். கடைக்காரர் சில கார்களை முன்கூட்டியே வேறு யாருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டதாகவும் ஒரு பேச்சு.

என் அப்பா உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும் டைகாஸ்டிங் பட்டறை வைத்திருக்கிறார். காரை வாங்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதற்காகவா ஒரு ராத்திரி?" என்று சிரித்தார். உறவினர்களிடமும் சொல்லிச் சிரிக்கிறார். நான் செய்தது பைத்தியக்காரத்தனமா? ஏழாம் எண்காரரை என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)
கோவை

அன்புள்ள தம்பி,

உங்கள் நோட்டுப் பக்கத்தை முதலில் படித்தேன், கடிதத்தை அதற்கப்புறம்தான். பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். பாதி வரை நீலப் பேனா, மை தீர்ந்த இடத்திலிருந்து பென்சில். பதினேழாம் எண்ணுக்கு எதிரே "அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கப் போகிறார், 3 மணிக்குள் வருவார்" என்று எழுதி, பதினாறாம் எண்ணும் பதினெட்டாம் எண்ணும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இருபத்து மூன்றாம் எண்ணில் பெயரே கிடையாது, "பொள்ளாச்சி அண்ணன்" என்று மட்டும் இருக்கிறது. முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும் கல்லூரி மாணவிகள் போலிருக்கிறது. அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் "ஏ.டி.எம். படி" என்று குறிப்பு. வெளிச்சமும் காவலாளியும் இருக்கும் இடத்தில் அவர்களை உட்காரவைத்துவிட்டு, வரிசையில் அவர்கள் எண்ணை மட்டும் காத்து வைத்திருந்திருக்கிறீர்கள். ரோந்துக் காவலர் வந்து விசாரித்த நேரம்கூட ஓரத்தில் இருக்கிறது, 1.40. பொம்மைக் காருக்காக என்று சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பதையும் யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

பைத்தியக்காரத்தனமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. எல்.கே.ஜி. விண்ணப்பப் படிவம் வாங்கப் பள்ளிக்கூட வாசலில் போர்வையோடு படுத்துக் கிடந்த அப்பாக்கள் நம் ஊரில் உண்டு. முதல் காட்சிக்கு நள்ளிரவிலேயே திரையரங்கு வாசலுக்குப் போனவர்கள் அதைவிட அதிகம். சிரிக்கும் உறவினர்களில் இந்த இரண்டு வகையிலும் சேராதவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

உங்கள் அப்பாவின் சிரிப்பு வேறு. அவருக்குத் தொழில் தெரியும். டையை, அதாவது வார்ப்பு அச்சை, வெட்டும்வரைதான் செலவு. அதைச் சரியாக வெட்டி முடித்துவிட்டால் ஷாட் மேல் ஷாட்டாக அடித்துக்கொண்டே போகலாம், கூடுதலாக ஒரு துண்டு அடிக்க ஆகும் செலவு சொற்பம். ஹாட் வீல்ஸும் அப்படித்தான் பிறக்கிறது. மேட்டல் நிறுவனம் 1968-இல் பதினாறு கார்களோடு தொடங்கிய வரிசை அது. 1995-இல் 'டிரெஷர் ஹன்ட்' என்று பன்னிரண்டு கார்களைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் மட்டும் என்று வரம்பு கட்டினார்கள். 2007-இலிருந்து அதற்குள்ளேயே இன்னும் அரிதான 'சூப்பர்' வகை வந்தது, ரப்பர் டயரும் மினுக்கும் வண்ணமுமாக. எழுபத்திரண்டு கார் கொண்ட பெட்டியைக் கடைக்காரர் உடைக்கும்போது எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்ப்பது இதற்காகத்தானே? பத்தாயிரத்தோடு நிறுத்திக்கொண்டதற்கு உலோகம் தீர்ந்துபோனதோ இயந்திரம் நின்றுபோனதோ காரணம் கிடையாது. நிறுத்தினால் நீங்கள் தேடி வருவீர்கள் என்பதுதான் காரணம். உங்கள் அப்பா இதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

காத்திருப்பையே சரக்காக்கி விற்றவர்களும் உண்டு. 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' படம் அமெரிக்காவில் வெளிவந்து ஓடு ஓடென்று ஓடியபோது, பொம்மை செய்யும் உரிமை வாங்கியிருந்த கென்னர் நிறுவனத்திடம் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கப் பொம்மையே இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஓர் அட்டை உறைக்குள் ஒரு சான்றிதழை வைத்து விற்றார்கள். அதைத் தபாலில் அனுப்பினால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் வீடு தேடி வரும். பிள்ளைகள் கிறிஸ்துமஸ் காலையில் பிரித்தது பொம்மை இல்லாத அட்டை. பொம்மை வியாபாரத்தில் இவ்வளவு துணிச்சலான காரியம் வேறு நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவகையில் மரியாதைகூட வருகிறது.

ஆகவே தட்டுப்பாடு அவர்கள் செய்தது. நாற்பது பேர் கொண்ட அந்த வரிசை உங்களுடையது. கடைக்காரர் அந்தக் கார்களை ஏலம் விட்டிருந்தால் ஏ.டி.எம். படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் வந்தே இருக்க மாட்டார்கள். மாதச் சம்பளம் வாங்கும் உங்களுக்கும் கைச்செலவுக்கு வீட்டை எதிர்பார்க்கும் மாணவிக்கும் அன்றைக்கு ஒரே விலை, ஓர் இரவுத் தூக்கம். வரிசையின் நியாயம் இவ்வளவுதான், ஆனால் இது சின்ன விஷயம் இல்லை.

அதனாலேயே உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரு குறை. கடைக்காரர் பின்வாசல் வழியாகச் சில கார்களைக் கொடுத்துவிட்டார் என்பதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள், அதுவும் "ஒரு பேச்சு" என்று. ஏழாம் எண்காரர் வரிசையில் நின்று, தன் முறை வந்தபோது, தனக்குரிய ஒன்றை வாங்கினார். பின்வாசலில் வாங்கியவர் யாரோ, அவர் நாற்பது பேரின் தூக்கத்தையும் மிதித்துக்கொண்டு போயிருக்கிறார். பேச்சு உண்மையா என்று முதலில் விசாரியுங்கள். உண்மையென்றால் கடைக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், நாலைந்து பேராக, சத்தம் போடாமல். அடுத்த முறை கடை திறக்கும் முன்பே எத்தனை கார் வந்திருக்கிறது என்று வாசலில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு அவர் தயங்கினால் அந்தக் கடைக்கு இன்னோர் இரவைக் கொடுக்காதீர்கள். பழக்கமான கடைக்காரரைக் கேட்கச் சங்கடம், வரிசையில் நின்றவனைத் திட்டுவது சுலபம். கோபம் எப்போதும் எளிதில் எட்டும் ஆள் மேல்தான் பாய்கிறது.

இனி ஏழாம் எண்காரர். வாங்கி விற்பதைக் கேவலமாக நினைக்கும் ஊர் இல்லை நம்முடையது. நூல், மஞ்சள், தேங்காய், மாடு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தலைமுறையாவது கைமாற்றிப் பிழைத்திருக்கும். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையிலும் ஈரோட்டுக் கருங்கல்பாளையத்திலும் தரகர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. ஆனால் அவர் தரகர் என்பது சந்தை முழுவதற்கும் தெரியும். தன் பட்டியில் கட்டிக்கொள்ள மாடு வாங்க வந்த சம்சாரி மாதிரி அவர் நடிப்பதில்லை. உங்கள் ஏழாம் எண்காரரிடம் இது தலைகீழாகிவிட்டது. விலையை ஊருக்கே தெரியும்படி போட்டார், தான் வந்த காரியத்தை இரவு முழுக்கத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். உங்களுக்கு வலித்தது அதுதான் என்று நினைக்கிறேன். இரவு பத்து மணிக்கே "நான் விற்கத்தான் வாங்குகிறேன்" என்று அவர் சொல்லியிருந்தால் சிலர் முகம் சுளித்திருப்பார்கள், தேநீரையும் குடித்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கார் இன்னும் அட்டைக்குள்தானே இருக்கிறது? அன்று எட்டு மடங்கு, இப்போது பத்து மடங்கு என்று எழுதியிருக்கிறீர்களே, விற்கும் எண்ணமே இல்லாதவர் எதற்காக நிலவரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்? ஜப்பானில் சில கடைகளில் போக்கிமான் சீட்டுப் பெட்டிகளின் மேலுறையை, விற்கும்போதே கல்லாவில் வைத்துக் கிழித்துக் கொடுக்கிறார்கள். கிழித்த பெட்டிக்கு மறுவிலை குறைந்துவிடும், விளையாட வாங்கியவருக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. உங்கள் கடைக்காரரும் அப்படிக் கல்லாவிலேயே அட்டையைப் பிரித்துக் காரைக் கையில் கொடுப்பதாக அறிவித்தால் நாற்பதில் எத்தனை பேர் நிற்பீர்கள்? அட்டையும் அதன் ஓவியமும் சேகரிப்பின் பகுதிதான் என்று பதில் சொல்வீர்கள். சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். அதோடு விலையும் மனத்தின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழாம் எண்காரர் அன்றைக்கே செய்ததை, வேறு சிலர் பத்து வருடம் கழித்துச் செய்வார்கள்.

விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு பீனி பேபீஸ் கதையைச் சொல்லுங்கள். 1993-இல் வந்த துணிப் பொம்மைகள். ஒவ்வொன்றாக "இனிமேல் வராது" என்று அறிவித்தே நிறுவனம் விலையை ஏற்றியது. மக்கள் முதலீடாக வாங்கிக் குவித்தார்கள். 1999-இல் லாஸ் வேகாஸில் விவாகரத்துக்கு வந்த ஒரு தம்பதி, நீதிபதி முன்னால் நீதிமன்றத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, பொம்மைகளை உனக்கொன்று எனக்கொன்று என்று பிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச காலத்திலேயே அந்தச் சந்தை படுத்துவிட்டது.

என் முடிவைக் கேட்டால், நீக்க வேண்டாம். நீங்கள் யாரும் அவரிடம் நேரில் பேசவே இல்லை என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. போய்ப் பேசுங்கள். பணமுடையாக இருக்கலாம், இதுவே அவர் தொழிலாக இருக்கலாம். முதலாவது என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. இரண்டாவது என்றால், அடுத்த இரவு நோட்டில் பெயர் எழுதும்போதே "வைத்துக்கொள்ளவா, விற்கவா" என்று ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். வைத்துக்கொள்பவர்கள் எல்லோரும் வாங்கிய பிறகு மிச்சமிருந்தால் விற்பவர்களுக்கு. பொய் சொல்லி எழுதினால் அடுத்த நோட்டில் அவர் பெயர் ஏறாது. நாற்பது பேரும் இதற்குச் சம்மதித்தால்தான் விதி. நோட்டு வைத்திருப்பவர் தனியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, அந்த வேலையை உங்கள் தலையில் கட்டியதும் கொஞ்சம் அநியாயம்தான்.

அப்பாவிடம் வருகிறேன். நாற்பது பேரில் ஒருவரும் டார்ச் அடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் பார்த்திருக்கிறார். டையின் இரண்டு பாதிகள் சேரும் கோடு எங்கே ஓடுகிறது, ஓரத்தில் பிதுங்கும் பிளாஷ் எவ்வளவு சுத்தமாக எடுக்கப்பட்டிருக்கிறது, வார்ப்பை அச்சிலிருந்து தள்ளும் எஜெக்டர் பின்னின் தழும்பை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்றெல்லாம் அவர் கண் தானாகத் தேடியிருக்கும். அவர் சிரித்ததை உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கட்டும், என்ன பார்த்தார் என்று நீங்கள் கேளுங்கள். அந்தக் காரின் உலோகம் ஜமாக் என்ற துத்தநாகக் கலவை, நூற்றுக்கு நான்கு பங்கு அளவுக்கு அலுமினியம் சேர்ந்தது. அதில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால்கூட வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள் வெடித்துப் பொடிந்துவிடும். 1930-களில் செய்த டிங்கி என்ற பிரிட்டிஷ் பொம்மைக் கார்கள் பல அப்படித்தான் போயின, பத்திரமாகப் பூட்டி வைத்தவர்களின் அலமாரியிலும். கலவையைச் சுத்தமாக வைத்திருப்பதன் அருமை பட்டறைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

உங்களிடம் இரண்டாக இருக்கும் சாதாரண கார் ஏதேனும் இருந்தால் அதை அவர் கையில் கொடுங்கள். அடியில் இருக்கும் ரிவெட்டை டிரில் போட்டு எடுத்தால் மேல்கூடு, கண்ணாடி, இருக்கை, அடிப்பாகம், அச்சோடு சக்கரங்கள் எல்லாம் தனித்தனியாக வந்துவிடும். பட்டறையில் டிரில்லுக்கா பஞ்சம்? சாதாரண காரில் அடிப்பாகம் பெரும்பாலும் பிளாஸ்டிக், பிரீமியத்தில் உலோகம். அந்த வித்தியாசத்துக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலை சரியா என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அவர் சொல்லும் தொகையை எனக்கு எழுதி அனுப்புங்கள், வரிசையில் நின்ற மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்.