டெக்கார்ட் படிக்கப் போகும் மகளுக்கு என்ன வழி?

பூம்பாறையிலிருந்து கேட்டிருக்கும் அப்பாவுக்கு,

பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் மகள் பின்னால் தத்துவத்துக்கு மாறி, 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட்டைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறாள், என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். பி.ஏ. ஆங்கிலத்தை விட்டுவிடச் சொல்லாதீர்கள். எந்தப் பட்டம் முடித்தவரும் எம்.ஏ. தத்துவத்தில் சேரப் பல பல்கலைக்கழகங்களில் இடமுண்டு. ஆங்கிலப் பட்டம் இருந்தால் பின்னால் பி.எட். படித்து ஆசிரியராகவும் வழி இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத் மூன்றையும் பாருங்கள். பின்னிரண்டுக்கும் க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு. அதில் தப்பான விடைக்கு மதிப்பெண் குறையும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் எழுதும் நெட் தேர்வில் குறையாது, அங்கே ஒரு கேள்வியையும் விடக் கூடாது.

பலர் சறுக்குவது மொழியில்தான். டெக்கார்ட்டின் 'தியானங்கள்' (1641), அவருக்குப் பின் வந்த தத்துவஞானி ஸ்பினோசாவின் 'அறவியல்' (1677) இரண்டும் லத்தீன். பொஹிமியா நாட்டு எலிசபெத் இளவரசி 1643இல், உடலற்ற ஆன்மா உடலை எப்படி அசைக்கிறது என்று டெக்கார்ட்டை மடக்கிக் கேட்ட கடிதம் பிரெஞ்சு. அதே காலத் தத்துவஞானி லைப்னிட்ஸ் இரு மொழியிலும் எழுதினார். ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து முனைவர் பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் அப்படியானால் வெளிநாட்டு ஆய்விதழ்களில் கட்டுரை ஏறுவது கடினம். ஆகவே இப்போதே தினம் ஒரு மணி நேரம் லத்தீன், எம்.ஏ.வில் பிரெஞ்சு. செண்பகனூரில் இயேசு சபையார் குருமாணவர்களுக்குத் தத்துவம் கற்பித்த கொடைக்கானல் மலை இது. இங்கே லத்தீன் ஒன்றும் விசித்திரமில்லை. டெக்கார்ட்டை மேற்கோள் காட்டும்போது அவரது நூல்களின் நிலையான மூலப் பதிப்பான ஆதாம்-தன்னரி பதிப்பின் தொகுதி, பக்க எண் போடப் பழகட்டும்.

ஆய்வுக்கு 'டெக்கார்ட்டும் மனமும்' என்று தலைப்பு வைத்தால் ஆறு ஆண்டிலும் முடியாது. அந்த 1643 கடிதப் போக்குவரத்து மட்டும் என்றால் முடியும்.

பணம்: கைக்காசு போட்டு பிஎச்.டி. வேண்டாம், இதில் நான் கறார். பூண்டு விலையை நம்பி அதைத் தாங்க முடியாது. நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. சில இடங்களில் பணம் மாதக்கணக்கில் தாமதமாகும், கையிருப்பு வேண்டும். பெண்களுக்கு வயது வரம்பு 35. தேர்வு ஆண்டுக்கு இருமுறை, எம்.ஏ. கடைசி ஆண்டிலேயே எழுதலாம். பொதுப்பிரிவுக்கு எம்.ஏ.வில் 55 சதவீதம், ஓ.பி.சி.க்கு (கிரீமி லேயர் அல்லாதோர்) 50.

உதவிப் பேராசிரியர் அடிப்படைச் சம்பளம் 57,700இல் தொடங்கும். ஆனால் தமிழ்நாட்டில் தத்துவத் துறை உள்ள கல்லூரிகளே சில. வெளி மாநிலம் போகத் தயாரா என்று இப்போதே கேளுங்கள். எம்.ஏ. முடித்து இரண்டு ஆண்டுக்குள் ஜே.ஆர்.எஃப். வராவிட்டால் யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுப் பக்கம் திரும்பலாம்: தத்துவம் அங்கே 500 மதிப்பெண் விருப்பப்பாடம், டெக்கார்ட் முதல் காண்ட் வரை முதல் தாளிலேயே இருக்கிறது.